பார்த்துக்கொண்டு நிற்பவள்

பணி ஓய்வு பெற்றதிலிருந்து ஊரில் எல்லோரும் எனக்கு ஒரே புத்திமதிதான் சொல்கிறார்கள். “ஓடியாடி ஒழச்சது போதும் நர்ஸம்மா. இனிமே உக்காந்து பாத்துனு இருங்க.” அன்பினால் சொல்வதுதான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பார்ப்பது என்பது வேலை ஓய்ந்தவர்கள் பொழுதுபோக்கச் செய்கிற காரியம் என்று அவர்கள் நினைக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிராம சுகாதாரச் செவிலியராக ஆயுசில் பாதியைக் கழித்தவள் நான். அந்த வேலையில் ஊசியும் மாத்திரையும் பிறகுதான். முதலில் கண்ணால் பார்க்கத் தெரிய வேண்டும்.

முண்டியம்பாக்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று சர்க்கரை ஆலை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். இன்னொன்று 2010-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வண்டியை விரட்டிக்கொண்டு எங்கள் ஊரைக் கடந்து போய்விடுவார்கள். விடுமுறை என்றால் அவர்களுக்குப் புதுச்சேரி இருக்கிறது, திருவண்ணாமலை இருக்கிறது. கொஞ்சம் வரலாற்று ஆர்வம் இருந்தால் செஞ்சிக்கோட்டை. எங்கள் ஊரிலிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பல்லவர் ஓவியம் ஒன்று குன்றின்மேல் இருக்கிறது என்பது அவர்கள் பட்டியலில் வருவதில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் பட்டியலிலும் வருவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பனமலை. பனமலைப்பேட்டை என்றும் சொல்வார்கள். அன்னியூர், அனந்தபுரம் பக்கம் போகிற சாலையில் இருக்கிறது.

அந்த வழியை நான் வேலைக்காகவும் அறிவேன். விக்கிரவாண்டியை விட்டு மேற்கே திரும்பிவிட்டால் நெடுஞ்சாலையின் இரைச்சல் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும். கரும்பு, உளுந்து, சவுக்குத் தோப்பு, ஏரிக்கரைகளில் பனை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை நேரத்தில் போனால் பிடுங்கிப் போட்ட கொடியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். மண்ணோடு வரும் பச்சை மல்லாட்டையின் வாசம் பஸ்ஸுக்குள் வரைக்கும் வரும். ஒரு கை அள்ளிக் கொடுக்காமல் யாரும் அனுப்பியதில்லை. அங்கிருந்து மேற்கே போகப் போகத் தரை மெல்ல மாறும். வயலின் நடுவே ஒற்றைப் பாறை நிற்கும்; பிறகு பாறைக்கூட்டம்; தொலைவில் பாறைமேல் பாறையாக ஏறிக் கிடக்கும் செஞ்சிப் பக்கத்து மலைகள். மரம் அடர்ந்த குளிர்ந்த மலைகள் அல்ல இவை. பகலில் தகிக்கும். ஆனால் சாயங்காலம் வெயில் சாயும்போது அந்தப் பாறைகளுக்கு வரும் நிறத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்தப் பாறைகளைப் பார்த்துத்தான் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுக்குப் பாறையிலேயே கோயில் குடையும் எண்ணம் வந்திருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிறது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பாறையைக் குடைந்து, பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்குமாக மூன்று அறைகள் செய்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் இந்தக் கோயிலை மன்னன் எழுப்பினான் என்று அங்கே வடமொழியில் வெட்டி வைத்திருக்கிறான். அதுவரை கோயில் என்றால் அந்த நான்கும்தானே! அவை இல்லாமல் செய்துகாட்டிய பெருமிதம் அந்தச் சொற்களில் அப்படியே இருக்கிறது. தனக்குத்தானே அவன் வைத்துக்கொண்ட பட்டங்களும் அப்படித்தான்: விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி. அந்த அறைகள் மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன. இரு ஓரத்திலும் வாயிற்காவலர்கள் மட்டும் நின்றுகொண்டிருக்கிறார்கள். அதே பக்கத்தில் தளவானூரிலும் அவனுடைய குடைவரை ஒன்று உண்டு.

அவனுடைய எள்ளுப்பேரன்தான் ராஜசிம்மன் என்று அழைக்கப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன். கி.பி. 700-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்து ஏறக்குறைய 728 வரை ஆண்டவன். பாட்டன் பாறையைக் குடைந்தான் என்றால் இவன் கல்லை அடுக்கிக் கட்டினான். காஞ்சி கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் இவன் கட்டியவை. அந்த வரிசையில் வருவதுதான் பனமலைத் தாளகிரீசுவரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கல்வெட்டில் இருக்கும் சுலோகம் ஒன்று பனமலையிலும் கிரந்த எழுத்தில் இருக்கிறது. தலைநகரத்தில் தன் பேரில் பொறித்த அதே வாசகத்தை இந்தச் சின்னக் குன்றிலும் பொறிக்க வைத்திருக்கிறான் என்றால், இந்த இடத்தை அவன் ஒரு மூலையாக நினைக்கவில்லை. மூலை என்று நினைக்கப் பழகிக்கொண்டவர்கள் நாம்தான்.

குன்று சிறியதுதான். என் முழங்கால்களே ஏறிவிடுகின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் பெரிய ஏரி. ஏறும்போது முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விரிந்துகொண்டே போகும். நல்ல மழை பெய்த வருஷத்தில் ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு போனால் கரை தளும்ப நிற்கும். அதற்குக் கீழே பச்சைக்குமேல் பச்சையாக நெல்வயல்கள். கோடையில் போனால் ஏரி நடுவில் மாடு மேயும். இரண்டையும் பார்க்க வேண்டும். ஓர் ஊரை ஒரே பருவத்தில் பார்த்துவிட்டுப் பார்த்தாயிற்று என்று சொல்வது, ஒரு குழந்தையைத் தூங்கும்போது மட்டும் பார்த்துவிட்டு வந்து அதன் குணத்தைச் சொல்வது மாதிரி.

மேலே கோயில் கிழக்குப் பார்த்து நிற்கிறது. விமானத்தை ஒட்டி மற்ற மூன்று பக்கமும் சிறு சன்னிதிகள் துருத்திக்கொண்டு நிற்கும். ராஜசிம்மன் கோயில்களுக்கே உரிய பாயும் சிங்கங்கள் தூண்களின் அடியில் உண்டு. கருவறையின் பின்சுவரில் சிவனும் உமையும் நடுவில் குழந்தைக் கந்தனுமாக சோமாஸ்கந்தர். இவ்வளவும் பார்த்த பிறகு வடக்குப் பக்கத்துச் சிறு சன்னிதிக்கு வர வேண்டும். உள்ளே வெளிச்சம் குறைவு. வெயிலில் நின்றிருந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது; அழுக்கேறிய சுவர் மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு கிரீடம் தெரியும். பிறகு அதற்கு மேலே ஒரு குடை. பிறகு சாய்ந்த ஒரு முகம்.

என் பேத்தி சென்னையில் படிக்கிறாள். கல்லூரியில் அவளை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஏற்படுத்திய இடம் அது. ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு அங்கேயே வாழ்ந்து வரைந்தார்கள். அதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வந்தவள், “நம்ம பக்கம் அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே ஆயா” என்றாள். இருக்கிறது வா என்று அழைத்துப்போனேன். சன்னிதி முன்னால் போய் நின்றதும் போனை எடுத்தாள், நாலைந்து படம் எடுத்தாள், “சூப்பர் ஆயா, போலாமா?” என்றாள். குழந்தையைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வயதில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கத்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். அவளை என் பக்கத்தில் நிறுத்தி, “இந்தப் பொம்பளைக்கு இன்னா ஆச்சுன்னு சொல்லு பாப்போம்” என்று கேட்டேன்.

இது என் தொழிலில் கற்றது. ஒரு வீட்டு வாசலில் போய் நின்றதும் நாங்கள் எதையும் கேட்பதற்கு முன்னால் பார்ப்போம். பிள்ளைத்தாய்ச்சி எழுந்து வருகிற நடையைப் பார்ப்போம். எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறாள், இடுப்பில் கை வைக்கிறாளா, கணுக்கால் வீங்கி இருக்கிறதா. பிறகு பக்கத்தில் போய்க் கீழிமையை இழுத்துப் பார்ப்போம். உள்ளே வெளுத்திருந்தால் ரத்தம் இல்லை. “சத்து மாத்திர போடுறியா?” என்று கேட்டால், பயத்தில் போடுகிறேன் என்றுதான் சொல்வாள். இமை உண்மையைச் சொல்லிவிடும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது அவள் எங்கே பார்க்கிறாள் என்பதையும் பார்ப்போம். அந்தப் பார்வையில் அந்த வீட்டின் கதை முழுக்க இருக்கும். எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த செவிலியர் ஒருவர், நோட்டைத் திறக்கும் முன்னால் ஆளைப் படி என்பார். பல வருஷம் சைக்கிளிலும் நடந்தும் அலைந்ததில் எனக்கு மிஞ்சிய படிப்பு அதுதான்.

பேத்தி சுவரைப் பார்த்தாள். மெல்லச் சொல்லத் தொடங்கினாள். ஒரு காலை ஊன்றி இன்னொரு காலை மடக்கி வைத்திருக்கிறாள் ஆயா. ரொம்ப நேரமா நிக்கிற மாதிரி இருக்கு. உடம்பு ஒரு பக்கம் வளையுது. தல சாஞ்சிருக்கு. கண்ணு பாதிதான் தெறந்திருக்கு, ஆனா தூங்கல. எதையோ பாக்குறா. கோபம் இல்ல. சிரிப்பும் இல்ல, ஆனா சிரிப்பு வர்ற மாதிரி இருக்கு. பிறகு அவளே கேட்டாள்: “யாரப் பாக்குறா ஆயா?”

“புருஷன் ஆடுறான். அதப் பாக்குறா.”

“அவரு எங்க?”

பக்கத்துச் சுவரைக் காட்டினேன். அங்கே சிவன் பல கைகளோடு ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த உருவத்தின் பெரும்பகுதி போய்விட்டது. தேடினால் சில கோடுகளும் நிறத் திட்டுகளும் கிடைக்கும். ஆயிரத்து முந்நூறு வருஷத்து ஈரமும் உப்பும் விளக்குப் புகையும் காரைப் பூச்சை உதிர்த்திருக்கின்றன. ஆடியவன் அழிந்துவிட்டான். பார்த்துக்கொண்டு நின்றவள் இருக்கிறாள். அவள் உடம்பிலும் கண்ணிலும் அந்த ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது எவ்வளவு நேரம் நடக்கிற ஆட்டம் என்பதை அவள் மாற்றி நின்ற காலிலிருந்து அறிகிறோம். அது அச்சமூட்டும் ஆட்டமாக இருந்தாலும் அவளுக்கு அதில் பிரியம் இருக்கிறது என்பதை உதட்டோரத்திலிருந்து அறிகிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆட்டத்துக்கு ஒரு சாட்சி வேண்டும். வயதானபின் நமக்குக் கிடைக்கும் இடம் அந்தச் சாட்சியின் இடம். அதை ஒதுக்கப்பட்ட இடம் என்று நினைத்துக் குமைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே சிலர், “நம்மள யாரு மதிக்கிறா?” என்று சொல்லிச் சொல்லியே உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். இன்னும் சிலர் மகன் வீட்டு அடுப்படியிலும் மருமகளின் சம்பளக் கணக்கிலும் புகுந்து, பழைய ஆட்டத்தையே ஆடப் பார்க்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். நன்றாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒருத்தி வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு பலம். எது மாறியது, யார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பேசாமல் உள்ளே போகிறது என்பதெல்லாம் ஓடிக்கொண்டிருப்பவர்கள் கண்ணில் படாது. நின்றுகொண்டிருப்பவர் கண்ணில்தான் படும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஆலையில் வேலை பார்த்தவர். அரவைக் காலத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையில் கரும்புப்பால் வாசம் அடிக்கும். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். கடைக்குட்டிக்கு அவரைச் சரியாகத் தெரியாமலே போய்விட்டது. ஷிஃப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில்தான் அவனுக்கு அப்பா கிடைத்தார். அவன் இப்போது ஓய்வாக வந்து உட்காரும்போது, “அப்பா எப்படிம்மா இருந்தாரு?” என்று கேட்பான். நான் அவரைப் புகழ்ந்தும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை. சைக்கிளில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுவார் என்று சொல்வேன். கோபம் வந்தால் துண்டை எப்படி உதறுவார், மழை வருமா என்று பார்க்க எந்தப் பக்கம் போய் நிற்பார் என்று சொல்வேன். பார்த்து வைத்திருந்தேன், அதனால் கொடுக்க முடிகிறது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பார்ப்பது புதிதில்லை. இது கூத்து மண். பங்குனி, சித்திரை தொடங்கி திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கட்டியங்காரன் வந்து பேசி முடித்து, முகவீணை ஏறி, புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிய வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வர நடுநிசி ஆகிவிடும். அதுவரைக்கும் சாக்கும் போர்வையும் விரித்துப் பெண்கள் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். என் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கர்ண மோட்சத்தில் பாடுகிறவர் ஓர் அடியை விட்டுவிட்டால், “பாட்ட முழுங்கிட்டான் பாரு” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். ஆடுகிறவரும் அந்தக் குரலுக்குப் பயந்து விட்ட அடியைப் பிடிப்பார். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும். திரௌபதி கூந்தல் முடிக்கிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறவர்கள் உண்டு. அவர்களை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? அவர்கள் பார்க்காவிட்டால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

கண் இருந்தால் போதும் பார்வை வந்துவிடும் என்பதுமில்லை. எங்கள் ஊரை ஒட்டிய பனையபுரத்தில் பனங்காட்டீசர் கோயில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம், பாடலில் புறவார் பனங்காட்டூர் என்று வரும். சித்திரை முதல் வாரத்தில் காலை வெயில் நேராக உள்ளே போய் சுவாமிமேல் விழும். அதைப் பார்ப்பதற்காக இருட்டோடு எழுந்து வந்து நிற்பார்கள். கண்ணில் குறையுள்ளவர்கள் அங்கே வேண்டிக்கொள்வது வழக்கம். நான் சொல்வேன், வேண்டிக்கொள்ளுங்கள், அப்படியே கண்புரை முகாமுக்கும் வாருங்கள் என்று. அப்படி ஒரு பெரியம்மாளை அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போயிருந்தேன். கட்டைப் பிரித்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்ளோ சுருங்கிப் போச்சா?” என்றார். குரலில் துக்கம் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த வியப்புதான் இருந்தது. அன்றிலிருந்து அவர் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்த்தார். முருங்கைப் பூவைப் பார்த்து அரைமணி நேரம் பேசுவார்.

பனமலை ஓவியத்தையும் ஒருவர் அப்படி நின்று பார்த்ததால்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ-துப்ரேய், பல்லவர் கலையைத் தேடிக் கிராமம் கிராமமாக அலைந்தவர். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் பனமலையிலும் பல்லவர் ஓவியங்கள் இருப்பதைக் கலையுலகம் அறிந்தது அவரால். அஜந்தாவின் ஓவிய மரபுக்குத் தெற்கே என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு இந்தச் சுவர்கள் பதிலாக நின்றன. அவருக்கு முன்னாலும் அந்தச் சன்னிதி வழியாக எத்தனையோ தலைமுறை போய்வந்திருக்கிறது. விளக்கேற்றியிருக்கிறார்கள், மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். நம் வீட்டில் இருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து காட்டித்தர வேண்டியிருந்ததில் எனக்கு வெட்கமில்லை, நன்றிதான். ஆனால் காட்டித்தந்த பிறகும் பார்க்காமல் இருக்கிறோமே, அது நியாயமில்லை.

ராஜசிம்மன் பெயர் தெரிகிறது. அவனுடைய பட்டங்கள் கல்லில் இருக்கின்றன. அந்த முகத்தை வரைந்தவர் யாரென்று ஒரு எழுத்தும் இல்லை. குன்றின்மேல் வெளிச்சம் குறைந்த அறையில் கழுத்தை நிமிர்த்தி, காரை மேல் அந்த இமைக்கோட்டை ஒரே இழுப்பில் இழுத்தவர். வீட்டில் ஒரு பெண் நிலையில் சாய்ந்து நிற்பதை அவர் பார்த்திருக்கிறார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தன் மனைவியையோ, அக்காளையோ, கூத்துப் பார்க்க வந்து கால் கடுக்க நின்ற யாரோ ஒருத்தியையோ. சாத்திரம் படித்து மட்டும் அந்த மடங்கிய காலை வரைந்துவிட முடியாது.

எனக்கு இருக்கும் கவலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் பாறை என்றால் இப்போது ஜல்லி, எம்-சாண்ட் என்றுதான் கணக்கு. வீடு கட்ட ஜல்லி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பாறையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு உடைக்க வேண்டும். திருவண்ணாமலை போகிற சாலையில் கீழ்வாலையில் காவிநிறத்தில் மனித உருவங்களும் விலங்கின் மேல் ஏறியவனும் தீட்டப்பட்ட பாறை இருக்கிறது. எழுத்து வருவதற்கு முந்தைய மனிதர்கள் வரைந்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கேதான். இவையெல்லாம் வேலி போட்ட அருங்காட்சியகத்தில் இல்லை. ஆடு மேய்கிற, கிரஷர் புழுதி பறக்கிற நாட்டில் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பலகை ஒன்றால் மட்டும் இவற்றைக் காப்பாற்ற முடியாது. தினம் அந்தப் பக்கம் போகிறவன், “இது எங்க ஊர்ப் பாறை, கை வெக்காத” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல அவன் அதை ஒருமுறையாவது நின்று பார்த்திருக்க வேண்டும்.

அதனால் இந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்று பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிறீர்கள், போங்கள். ஒரு நாளை மட்டும் பனமலைக்கு ஒதுக்குங்கள். ஒரு தடவைக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அந்த அறை தாங்காது. சுவரில் கை படக் கூடாது, பிளாஷ் போடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். உள்ளே பார்த்துவிட்டு வந்து, வெளியே நிழலில் உட்கார்ந்து, நினைவிலிருந்து வரையட்டும். என் பேத்தி வரைந்தாள். முதலில் கிரீடத்தைப் போட்டாள், முகம் வரவில்லை என்று மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள். கண் வரவில்லை என்று இன்னொரு முறை போனாள். போனில் படம் இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. மடக்கிய கால் எப்படி வருகிறது என்று தெரியாமல், கடைசியில் தானே எழுந்து அதேபோல் நின்று பார்த்தாள். கோயிலைச் சுற்றிவந்த ஓர் அம்மாள், “இன்னா பாப்பா, யாருக்காகக் காத்துனு இருக்கே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். குடிதண்ணீர் கையோடு எடுத்துப்போங்கள், மேலே கடை கிடையாது. சன்னிதி பூட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம், அடிவாரத்தில் விசாரியுங்கள். அதே குன்றில் மகிஷாசுரமர்த்தினிக்கு ஒரு சிறு குடைவரை இருக்கிறது, ஓவியத்தைப் பார்த்தபின் அதையும் தேடிப் பாருங்கள். இறங்கி வந்து ஏரிக்கரையில் கொஞ்சம் நடங்கள். கலங்கல் பக்கம் போனால் வலை வீசுகிறவர்கள் இருப்பார்கள், பேச்சுக் கொடுத்தால் அந்த வருஷத்து மழையின் கதை முழுவதும் கிடைக்கும். வந்ததுதான் வந்தோம், மண்டகப்பட்டு, தளவானூர், செஞ்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் டிரைவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவற்றுக்கு இன்னொரு நாள் வாருங்கள்.